முதல் பழைய கார்: மைனரா, கேம்பிரிட்ஜா, சோமசெட்டா, பீற்றிலா?

யாழ்ப்பாணத்தில் யாராவது பழைய கார் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர் வாயில் முதலில் வருவது 'எஞ்சின் எப்படி?' என்பதுதான். அதைக் கடைசிக் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. தானே கழற்றி, தானே திருத்திப் பழகி, ஒரு நாள் கண்காட்சியில் கொண்டுபோய் நிறுத்த ஆசைப்படுபவருக்கு இங்கே எஞ்சின் பெரிய தலையிடி அல்ல. தலையிடி எல்லாம் தகரத்தில்தான்.

அதற்குக் காரணம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. 1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு குடாநாட்டில் பெற்றோல் மருந்துக்கும் கிடைக்கவில்லை. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் எண் குறைவு, எஞ்சின் இடிக்கும். சரியாக எரியாத எண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்யும். அப்படிக் கெட்டுப்போன எஞ்சின்களைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பூட்டிய கைகள்தான் இந்த ஊர்க் கராஜ்களில் மூத்த கைகள். சிலிண்டர் கடைவதற்கோ வால்வு அரைப்பதற்கோ ஆள் தேடி அலைய வேண்டியதில்லை.

தகரம் வேறு கதை. சுற்றிவரக் கடல், நடுவில் நீரேரி, பல இடங்களில் கிணற்றுத் தண்ணீரும் உவர். வலிகாமத்துச் செம்மண் தூசி சில்லு வளைவுக்குள்ளும் அடிச்சட்டத்தின் பெட்டிகளுக்குள்ளும் போய் அப்பிக்கொண்டு, மாரி மழையில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அறுபது வருடம் இதையெல்லாம் தாங்கிய கார்களில், துருவை வெட்டி எறிந்து புதுத் தகரம் வைத்து ஒட்டிய வேலையைவிட, பட்டி பூசி பெயின்ற் அடித்து மறைத்த வேலையே அதிகம். விற்பனைக்கு வரும்போது வெளியில் மினுங்கும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒன்றைக் கதவின் அடிப்பகுதியிலும் மட்காட்டின் ஓரத்திலும் வைத்துப் பாருங்கள். காந்தம் பிடிக்காமல் நழுவும் இடமெல்லாம் பட்டி.

ஆகவே இந்த நான்கு கார்களையும் நான் இரண்டு கேள்விகளால்தான் எடைபோடுகிறேன். உக்கிய தகரத்துக்கு மாற்றுத் தகரம் கிடைக்குமா? கிடைத்தால் அதை போல்ற்றைக் கழற்றி மாட்டலாமா, வெட்டி ஒட்ட வேண்டுமா?

மொரிஸ் மைனர்

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1948இல் லண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் மோட்டார் கண்காட்சியில் வெளிவந்த கார். பிரித்தானியக் கார்களில் முதன்முதலில் பத்து லட்சத்தை எட்டியது இதுதான். உற்பத்தி ஓய்ந்தபோது மொத்தம் 16 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இதனால் உங்களுக்கு என்ன லாபம் என்றால், இவ்வளவு பெருகிய காருக்குப் பாகம் செய்து விற்பது இன்றைக்கும் கட்டுபடியாகும் வியாபாரம். இதில் இலங்கைக்கு ஒரு தனிச் சொந்தமும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயர், 1990களில் இலங்கைப் பங்காளி ஒருவரோடு சேர்ந்து மைனரின் தகரப் பாகங்களை இந்த நாட்டிலேயே செய்வித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். பழைய காரைச் சீமையில் திருத்த இலங்கைத் தகரம் போனது என்பது எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் பெருமையும் தருகிற விஷயம்.

பழகுபவருக்கு மைனர் ஏன் தோது? முன்னும் பின்னும் நான்கு மட்காட்டும் போல்ற்றில் மாட்டியவை. ஒன்றைக் கழற்றி மேசையில் வைத்து, உக்கிய ஓரத்தை வெட்டி, புதுத் துண்டு ஒட்டி, பிழைத்தால் மறுபடி வெட்டலாம். காரின் உடம்புக்கு ஒரு சேதமும் வராது. முழுக் காரில் கைவைக்க முன் நான்கு தரம் கைபழக இடமிருக்கிறது.

ஆனால் மைனருக்குத் தனிச் சேஸி கிடையாது. அடித்தளத்தின் பெட்டிச் சட்டங்கள்தான் எலும்பு. மூன்று இடங்களை நிலத்தில் படுத்துப் பார்க்க வேண்டும்: கதவுக்குக் கீழான சில், பின் வில்லுத்தட்டுகள் தொங்கும் இடம், முன் சில்லைத் தாங்கும் முறுக்குக் கம்பி வந்து பிடிக்கும் குறுக்குச் சட்டம். கடைசி இடம் உக்கியிருந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவென்றாலும் சரி. ஸ்குறூட்றைவரால் குத்திப் பார்க்க உரிமையாளர் சம்மதிக்காவிட்டால் அதுவே பதில்.

இன்னொன்று, முன் சில்லு திரும்பும் மரைப் பூட்டு. ஆங்கிலத்தில் ட்ரனியன் என்பார்கள். அதற்கு ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை, அதாவது 1600 கி.மீ.க்கு ஒரு தடவை, கிறீஸ் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒரு நாள் திருப்பத்தில் சில்லு மடிந்து கார் மூக்கால் நிலத்தில் இருக்கும். மைனர் வைத்திருப்பவர்கள் எந்த நாட்டிலும் முதலில் பேசுவது இதைப் பற்றித்தான். பிறேக் மாஸ்ரர் சிலிண்டரையும் ஓட்டுபவரின் காலுக்குக் கீழே தரைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். இசிகோனிஸ் பெரிய மேதைதான், ஆனால் அதைக் கழற்றும்போது அவரை வாழ்த்தத் தோன்றாது.

எந்த மைனர்? 1956க்குப் பிறகு வந்த 'மைனர் 1000' எடுங்கள். முன்கண்ணாடி ஒரே துண்டாக இருக்கும். எஞ்சின் 948 சி.சி., 1962 முதல் 1098 சி.சி. இந்த ஏ வரிசை எஞ்சினின் உறவுகள் மினி காரில் 2000ஆம் ஆண்டு வரை வந்தன. அதனால் பாகத்துக்குப் பஞ்சமில்லை. நடுவில் பிரிந்த கண்ணாடியோடு வரும் தொடக்க கால மைனரில் பக்கவால்வு 918 சி.சி. எஞ்சின். கண்காட்சியில் கூட்டம் அதைச் சுற்றித்தான் நிற்கும், ஆனால் பழகுவதற்கு அது வேண்டாம்.

கேம்பிரிட்ஜும் ஒக்ஸ்போர்டும்

யாழ்ப்பாணத்து வாடகைக் கார் என்றால் பலருக்குக் கண்ணில் வருவது ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ். பின்னால் மீன்வால் போல் எழும்பிய மட்காட், ஒரு குடும்பமே ஏறும் இருக்கை. ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் ஓடிய வண்டி. இத்தாலியின் பினின்பரினா வடிவமைத்த இந்த உடம்பு 1959இல் ஏ55 மார்க் 2இல் வந்தது. 1961 முதல் 1622 சி.சி. எஞ்சினோடு ஏ60 ஆனது. அதே உடம்பில் மொரிஸ் பெயர் ஒட்டினால் ஒக்ஸ்போர்ட்.

இந்தக் கார்களைப் பற்றி ஊரில் ஓடும் நம்பிக்கை ஒன்று உண்டு: 'இந்தியாவில் அம்பாசடர் பாகம் இருக்கிறது, பயமில்லை.' இதில் பாதிதான் உண்மை. இந்துஸ்தான் அம்பாசடர் 1956இல் வந்த மூன்றாம் வரிசை ஒக்ஸ்போர்டின் பிள்ளை; 2014 வரை உற்பத்தியானது. நெடுங்காலம் அதில் இருந்த 1489 சி.சி. பி வரிசை எஞ்சின்தான் ஏ55இலும் இருப்பது. எனவே கஸ்கற், பெயாரிங் போன்ற எஞ்சின் சாமான்களுக்குச் சென்னை புதுப்பேட்டையில் ஒரு சுற்றுச் சுற்றுவதில் அர்த்தமிருக்கிறது. பலாலியிலிருந்து விமானமும் காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலும் வந்தபின் அது முன்னைப்போல மலை ஏறும் காரியமும் அல்ல. ஏ60இன் 1622 சி.சி. எஞ்சினுக்கு சிலிண்டர் விட்டம் வேறு, பிஸ்ரன் பொருந்தாது. உடம்பைப் பொறுத்தவரை மீன்வால் கேம்பிரிட்ஜுக்கு அம்பாசடரின் ஒரு தகரம்கூடச் சேராது. உருண்டை உடம்புள்ள பழைய மூன்றாம் வரிசை ஒக்ஸ்போர்ட் அகப்பட்டால் கதை மாறும். அதற்கு அம்பாசடரின் உடம்பே கிட்டத்தட்ட மாற்று. அப்படி ஒன்று நல்ல அடித்தளத்தோடு வந்தால் மைனரை மறந்துவிட்டு அதை வாங்குங்கள் என்றுகூடச் சொல்வேன்.

மற்றபடி, கேம்பிரிட்ஜ் நல்ல கார். எஞ்சின் கூட்டில் கையை நீட்டி மடக்க இடமுண்டு, பழகுபவருக்கு அது பெரிய வரம். வீட்டில் ஐந்து பேரும் ஏறிப் போகலாம். கலியாண வாடகைக்கு விட்டால் பெயின்ற் செலவில் கொஞ்சம் திரும்பி வரும். ஆனால் தகரத்தின் பரப்பு மைனரைவிட எவ்வளவோ அதிகம். வெட்டுவதும் தேய்ப்பதும் பூசுவதும் அதற்கேற்ப அதிகம். தொடங்கிய உற்சாகம் பாதிக் காரில் தீர்ந்துபோய், தென்னோலைக் கொட்டிலுக்குள் நிற்கும் கேம்பிரிட்ஜுகளுக்கு இந்த ஊரில் குறைவில்லை. பல கார்களில் முந்தைய எஞ்சினைத் தூக்கிவிட்டு யப்பான் டீசல் எஞ்சின் வைத்திருப்பார்கள். வீட்டுத் தேவைக்கு அது சரி. கண்காட்சி நடுவர் முன் அது எடுபடாது.

சோமசெட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் அதை விரும்புபவர் யார் சொல்லும் கேட்க மாட்டார். 1952 முதல் 1954 வரை வந்த ஒஸ்ரின் ஏ40, 1200 சி.சி.; ஸ்ரியரிங் தண்டில் கியர். தனிச் சேஸி இருப்பதால் உடம்பு உக்கினாலும் வண்டி மடியாது. அழகிலே நான்கில் இதுதான் முதல். ஆனால் அந்த அழகு முழுவதும் வளைவு. வளைந்த தகரத்தைச் சுத்தியலாலும் உருளையாலும் கையில் அடித்துத்தான் எடுக்க வேண்டும். முதல் கார் கற்றுத்தரும் வேலை அல்ல அது. இரண்டாவது காராக வைத்துக்கொள்ளுங்கள்.

பீற்றில் என்ற வில்லங்கம்

என் இரண்டு கேள்விகளையும் வைத்துப் பார்த்தால் வெல்ல வேண்டியது வொக்ஸ்வாகன் பீற்றில். நான்கு மட்காட்டும் போல்ற்றில். முழு உடம்பையே அடித்தட்டிலிருந்து கழற்றித் தூக்கலாம். 2003இல் மெக்சிக்கோவில் கடைசி வண்டி வரும்வரை இரண்டு கோடிக்கு மேல் செய்த காராதலால், புதுத் தகரம் உலகத்தில் இன்னும் அடித்து விற்கிறார்கள். ஸ்பனரும் மில்லிமீற்றர் அளவு. இது சின்ன விஷயம் போலத் தோன்றும். மைனருக்கு அங்குல ஸ்பனர் செற் வேண்டும், சோமசெட்டுக்கு விற்வேர்த் என்ற பழைய ஆங்கில அளவும் தேவைப்படும். யப்பான் வாகனத்துக்கு வைத்திருக்கும் மில்லிமீற்றர் ஸ்பனரை அதில் போட்டுத் திருகித்தான் இந்த ஊரில் பாதிக் கார்களின் நட் எல்லாம் வட்டமாகிப்போயிருக்கிறது.

பிறகு ஏன் பீற்றிலை முதலில் வைக்கவில்லை? ஊரின் மூத்த கைகள் பழகியது தண்ணீரால் குளிரும் ஆங்கில எஞ்சினில். பீற்றில் காற்றாலும் ஒயிலாலும் குளிர்வது. எஞ்சினைச் சுற்றியிருக்கும் றப்பர் அடைப்பு ஒன்று இல்லாவிட்டால், கீழே கழிந்த வெப்பக் காற்றையே மின்விசிறி மறுபடி மேலே இழுக்கும். சித்திரை வெயிலில் அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. பார்வைக்கு நன்றாக ஓடும், உள்ளே வெந்துகொண்டிருக்கும். வால்வு இடைவெளியை 5000 கி.மீ.க்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். இதையெல்லாம் கைநூலைப் பார்த்துத் தானே செய்துகொள்ளும் ஆளென்றால் பீற்றிலில் இறங்கலாம். நான்கு போல்ற்றைக் கழற்றினால் எஞ்சின் கையோடு வந்துவிடும், அது ஒரு சுகம். பக்கத்தில் நின்று 'இப்படிப் பிடி' என்று சொல்ல ஆள் வேண்டுமென்றால் மைனருக்கே திரும்புங்கள்.

எங்கே பழகுவது?

வாகனத் திருத்துநர் பாடநெறிக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. நல்ல இடங்கள், ஆனால் வாகனப் பாடத்தில் அவர்கள் இன்றைய வேலைச் சந்தைக்குத்தான் ஆளைத் தயார்செய்வார்கள், செய்யவும் வேண்டும். எரிபொருள் ஊசி, சென்சர், கணினியில் பிழை வாசிப்பது என்று பாடம் ஓடும். டைனமோவும் பொயின்ற்றும் எஸ்.யூ. காபரேற்றரும் உங்களுக்குத்தான் வேண்டும், அவர்களுக்கு அல்ல.

பாடநெறிக்குப் போவதென்றால் வெல்டிங் படியுங்கள். கார்த் தகரம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான தடிப்பு. கேற் அடிக்கும் பட்டறைகளில் வைத்திருக்கும் குச்சி வெல்டிங்கை அதில் வைத்தால் ஓட்டை விழும். மெல்லிய கம்பி தானாக ஓடிவரும் மிக் வெல்டிங்கில் சின்னச் சின்னப் பொட்டாக, ஓரிடத்தில் ஒன்று, எட்டத்தில் ஒன்று என்று மாறி மாறி வைத்து, சூடு ஓரிடத்தில் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சேர்ந்தால் தகரம் அப்பளம் மாதிரி நெளியும். இந்தக் கை வந்துவிட்டால் காரின் பாதி வேலை உங்களுடையது.

மீதியைக் கராஜில் பழகலாம். மூத்த மெக்கானிக் வகுப்பெடுக்க மாட்டார். உங்கள் காரின் காபரேற்றரை அவரிடம் திருத்தக் கொடுத்து, வேலைக்குரிய கூலியையும் கொடுத்து, 'அண்ணை, நான் கழட்டட்டே, நீங்கள் பாருங்கோ' என்று கேட்டு நிற்பதுதான் வழி. கேட்டவருக்குச் சொல்லித்தரும் பழக்கம் அவர்களிடம் உண்டு. அவசர வேலை நடக்கும் நேரத்தில் மட்டும் போய் நிற்காதீர்கள். அங்கே முதல் நாளே பழகவேண்டிய ஒன்று: அந்தக் கால ஆங்கிலக் கார்களில் பற்றரியின் நேர்முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். இன்றைய வாகனத்தை நினைத்துக்கொண்டு மாறிப் பூட்டினால், புதிதாக வைத்த ரேடியோ புகைந்துவிடும்.

கண்காட்சிக்கு எது?

கண்காட்சி என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை. கூடி ஓடி, நிறுத்தி, பார்க்கிற பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வகை ஒன்று. நடுவர் வந்து விளக்குக் கண்ணாடியின் முத்திரையிலிருந்து போல்ற்றின் தலை வரை பார்த்துப் புள்ளி போடுகிற வகை மற்றது. கொழும்பில் பழைய கார்க்காரர்களின் கழகங்கள் இரண்டையும் நடத்துகின்றன. சிலோன் கிளாசிக் கார் கிளப்பும் வின்ரேஜ் கார் உரிமையாளர் கழகமும் அவற்றில் மூத்தவை. முதல் வகைக்கு மைனரும் கேம்பிரிட்ஜும் தாராளம். ஏ9 வழியாகக் கொழும்பு ஏறத்தாழ 400 கி.மீ. அவசரப்படாமல் விடியப்புறம் வெளிக்கிட்டால் மைனர் போய்ச் சேரும், கேம்பிரிட்ஜ் முதுகு நோகாமல் போய்ச் சேரும். இரண்டாம் வகைக்கு உங்கள் கை வேலையைவிட, கார் எவ்வளவு மாறாமல் வந்திருக்கிறது என்பதே பெரிது. புதுத் தோலும் பளபளப்புமாக ஆக்கிய காரைவிட, மங்கிய பெயின்ற்றோடு முழுப் பாகமும் தனதாக இருக்கிற கார் மேலே போகலாம். உலகப் பழைய வாகனச் சங்கமான ஃபிவாவின் வரையறை, 30 வயதும் அன்றாடப் பயணத்துக்குப் பயன்படாத நிலையும் கேட்கிறது. அந்தக் கணக்கில், ஐம்பது வருடம் ஒரு நாளும் ஓயாமல் ஓடிய யாழ்ப்பாணத்து வாடகைக் கார், ஓடி உழைக்கும்வரை வரலாற்று வாகனமே அல்ல! எனக்கு இதில் உடன்பாடில்லை. விதி எழுதியவர்கள் இந்த ஊருக்கு வந்ததில்லை போலும்.

இங்கிலாந்தில் சொந்தக்காரர் இல்லாத வீடு இங்கே குறைவு. செப்ரெம்பரில் பியூலியில் பழைய பாகச் சந்தை நடக்கும். நவம்பரில் பேர்மிங்ஹாம் என்.ஈ.சி.யில் பெரிய கிளாசிக் கார்க் கண்காட்சி. அங்கே போகிறவரிடம் மட்காட் கேட்காதீர்கள், யார் சுமப்பது? ட்ரனியன் சோடி, பிறேக் றப்பர் செற், கதவு றப்பர். சின்னப் பெட்டிக்குள் அடங்குபவை, இங்கே நல்ல தரத்தில் கிடைக்கச் சிரமமானவை.

புத்தகமும் காலமும்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 தொடக்கம்வரை சொந்தக் கார்களுக்குத் திறக்காமல் இருந்ததில், கொட்டிலுக்குள் கிடந்த கார்களுக்கும் விலை ஏறிவிட்டது. விலையில் பேரம் பேசலாம், புத்தகத்தில் பேரம் இல்லை. பதிவுப் புத்தகத்தின் சேஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் காரில் அடித்திருக்கும் இலக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். இடப்பெயர்வுகளில் புத்தகம் தொலைந்த கார்கள் இங்கே நிறைய. பெயர் மாறாமல் கை மாறிக்கொண்டே வந்தவையும் நிறைய. புத்தகம் இல்லாத கார் பாகத்துக்கு வாங்கும் கார், அவ்வளவுதான். எண்தகட்டையும் பாருங்கள். சோமசெட் காலத்துக் கார் என்றால் ஈ.எல்., ஈ.என். போன்ற ஆங்கில எழுத்துகளோடு வரும். 1957க்குப் பிறகு வந்த கேம்பிரிட்ஜ் சிங்கள ஸ்ரீ எழுத்துள்ள இலக்கத்தோடு வரும், வடக்கில் தார் பூசிப் போராடிய அதே ஸ்ரீதான். இன்றைக்கு அதைக் கழற்றிவிட்டு அலங்காரத் தகடு மாட்டினால் கண்காட்சியில் மதிப்புக் குறையும்.

காரைப் பார்க்கப் போக நல்ல காலம் கார்த்திகை, மார்கழி. மழை பெய்து விட்ட மறுநாள் போய், கால் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், டிக்கியின் மூலையில் கையை விடுங்கள். துருவின் வழி எல்லாம் நனைந்து தெரியும். வாங்கியபின் தகர வேலையை ஆறுதலாகச் செய்யுங்கள். பெயின்ற்றை மட்டும் தையிலிருந்து பங்குனிக்குள் முடித்துவிட வேண்டும். மாரியில் அடித்தால் காற்றின் ஈரம் ஏறி லக்கர் வெளிறிப்போகும். சோழகம் எழும்பினால் திறந்த கொட்டிலுக்குள் செம்மண் தூசி ஈரப் பெயின்ற்றில் வந்து குடியேறும். அந்த மாதங்களுக்குள் அடிக்க முடியாவிட்டால் பிறைமர் அடித்து, அதற்குமேல் ஒரு பூச்சுப் போட்டு மூடிவிட்டு அடுத்த தைவரை பொறுத்திருங்கள். பிறைமரை மட்டும் நம்பி விடாதீர்கள், அது ஈரத்தை உறிஞ்சும்.